தேய்மானம் என்ற சொல்லை எனக்குக் கொடுத்தவள்

அந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் முத்துமாரியின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

மதுரையில், ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு கம்பெனி. வெளிநாட்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்துச் சுருக்கி, ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை. எங்கள் கல்லூரியிலிருந்து ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். மதியத்துக்குள் வடிகட்டி, கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேரை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். நானும் அவளும். இருப்பது ஒரே ஓர் இடம்.

இருவரையும் ஒன்றாகவே உள்ளே அழைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆணும் ஒரு பெண்மணியும். அந்த மனிதர் கேள்விகளை எல்லாம் அந்த அம்மாளிடமே விட்டுவிட்டுப் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் முதலில் முத்துமாரியைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். ஓர் இயந்திரத்தை வாங்குகிறோம். வாங்கிய விலையிலேயே அது ஏன் கணக்கில் நிற்பதில்லை?

முத்துமாரிக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் பி.காம். பாடத்திட்டத்திலேயே கிடையாது. அவள் வாயைத் திறந்தாள். "மேடம்... மோட்டார்..." என்றாள். நின்றது. மறுபடி, "மோட்டார் இஸ்..." என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "தமிழ்ல சொல்லலாமா மேடம்?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "எனக்குப் புரியும்மா. நம்ம கிளையன்ட்டுக்குப் புரியாதே. இங்கிலீஷ்ல முயற்சி பண்ணு."

முத்துமாரி மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு."

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்த வாரப் பத்திக்கு உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகாமல் முடியாது.

பங்குக்கு வேறு பெயர்

என் அம்மா காரைக்கால். பிரெஞ்சுக் குடியுரிமை அவர் வழியாக வந்தது. அத்தாவுக்கு, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அருப்புக்கோட்டைப் பக்கம் வீரசோழன். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பாரிஸ் பக்கம் போய் ஒரு மளிகைக்கடை வைத்தார்கள். நான் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். வீட்டில் தமிழ் பேசுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. படிப்பு முழுக்க பிரெஞ்சு.

பள்ளியிறுதியில் பொருளாதாரம் என் முதன்மைப் பாடம். வகுப்பில் முதல் மாணவி. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

அம்மா இறந்த மறு வருஷம் அத்தாவுக்கு இருதயத்தில் இரண்டாவது ஆபரேஷன். அந்த ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே எழுதியிருக்கிறேன். தேறி வந்ததும் கடையை விற்றார். "இனி நம்ம ஊருலயே கெடந்துக்கிறேன்மா. நீயும் வந்துரு" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு என்னை விட்டால் யாருமில்லை.

வீரசோழனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர, அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். ஆங்கில வழி. பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் பாதிச் சொற்கள் ஒன்றுதானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது.

பிரெஞ்சில் கம்பெனிக்கு 'சொசியெத்தே' என்று பெயர். பங்குக்கு 'அக்சியோன்'. கடன் பத்திரத்துக்கு 'ஒப்லிகாசியோன்'. லாபத்துக்கு 'பெனெஃபீஸ்'. கேட்டால் எல்லாம் ஆங்கிலம் போலவே இருக்கும். முதல் தேர்வில் நான் எழுதிய வாக்கியம் இன்னும் மறக்கவில்லை. சொசைட்டியானது தன் பெனிஃபிட்டைக் கூட்டுவதற்காக ஆக்‌ஷன்களையும் ஆப்ளிகேஷன்களையும் வெளியிடுகிறது. பிரெஞ்சில் இது குற்றமே இல்லாத வாக்கியம். ஆங்கிலத்தில் பைத்தியத்தின் பேச்சு.

வணிகவியல் விரிவுரையாளர் அந்தத் தாளை வகுப்பில் தூக்கிப் பிடித்தார்.

"பாரீசுல இருந்து வந்த புள்ள எழுதியிருக்கு, கேளுங்க. சொசைட்டி ஆக்‌ஷன வெளிய விடுதாம். எங்க விடுது, புகை மாதிரியா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் இன்னொரு வாக்கியத்தைப் படித்தார். அதற்கும் சிரித்தார்கள். தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, "இங்கிலீஷு தெரியாமத்தான் ஃபாரின்ல இருந்தியாக்கும்?" என்றார்.

என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் காதருகே கேட்டாள்.

"ஏ புள்ள, நீ அப்படி என்னதான் எழுதுன? எல்லாரும் சிரிக்காக, எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அவள்தான் முத்துமாரி.

பஸ்ஸில் ஒரு மணி நேரம்

எங்கள் பஸ் போகும் வழியில், நரிக்குடி தாண்டி, திருச்சுழிக்கு முந்திய ஓர் ஊர் அவளுடையது. வானம் பார்த்த பூமி. அவள் அப்பா கொத்தமல்லியும் சோளமும் போடுவார். மழை பொய்த்த வருஷங்களில் அவள் அம்மா கருவேல மரத்தை எரித்துக் கரியாக்கும் மூட்டத்துக்குக் கூலிக்குப் போவார். சனி ஞாயிறுகளில் முத்துமாரியும் போவாள். திங்கட்கிழமை காலையில் அவள் நகக்கண்களில் கரி இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். பாடம் அத்தனையும் தெரியும். ஆங்கிலம்தான் வராது. எனக்குப் பாடம் பிரெஞ்சில் தெரியும். ஆங்கிலம் வந்தது போல் இருந்து காலை வாரும். ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டவள், இன்னொருத்தி தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவள்.

காலை பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பேன். அவள் ஏறியதும் பழைய தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் திறப்பாள். அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். இறுதிநிலைப் பயன்பாடு. தேவை நெகிழ்ச்சி. வாய்ப்புச் செலவு. வீட்டில் யாரும் பேசாத தமிழ் அது. முதல் வாரம் பிரெஞ்சைவிட அந்நியமாக இருந்தது. ஆனால் முத்துமாரி அதை அப்படியே விடமாட்டாள்.

"தேவை நெகிழ்ச்சின்னா என்ன? மல்லி வெலை ஏறுனா சனங்க மல்லி வாங்குறதக் கொறைச்சிருவாக. உப்பு வெலை ஏறுனா கொறைப்பாகளா? கொறைக்க முடியாது. அம்புட்டுதேன்."

அது மனதில் ஏறியதும் நான் பிரெஞ்சுச் சொல்லைப் பிடிப்பேன். பிறகு ஆங்கிலச் சொல். அதை உச்சரிக்க அவளுக்குச் சொல்லித் தருவேன். என் உச்சரிப்பே கோணல்தான். அந்தக் கோணலைத்தான் அவளும் கற்றுக்கொண்டாள்.

எண்கள் தனி அவஸ்தை. பிரான்சில் புள்ளி வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுவோம். ஒன்றரையை எழுத ஒன்று, காற்புள்ளி, ஐந்து. இங்கே ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் காற்புள்ளி. அங்கே 'பில்லியோன்' என்றால் ஒரு தொகை, ஆங்கில பில்லியன் என்றால் வேறு தொகை. ஒரு கணக்கில் ஒன்றரை ரூபாயைப் பதினைந்து ரூபாயாக்கி வைத்தேன். முத்துமாரி பார்த்துவிட்டு, "நீ மட்டும் யாவாரத்துக்கு வந்தா எனக்கு நல்ல காலம்" என்று சிரித்தாள். அவள் சிரிப்பில் விஷம் இருக்காது.

பிரெஞ்சில் 'எவான்த்யுவெல்மான்' என்றால் நடந்தாலும் நடக்கலாம் என்று பொருள். அதே முகம் கொண்ட 'ஈவன்ச்சுவலி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, கடைசியில் நடந்தே தீரும் என்று பொருள். இதை நான் தெரிந்துகொள்ள ஒரு முழுத் தேர்வு போயிற்று. இன்றும் அந்தச் சொல்லை எழுதுமுன் ஒரு கணம் கை நிற்கும்.

ஒரு மோட்டாரின் கதை

தேய்மானத்தில் நான் தோற்றுப் போனேன்.

வாங்கிய பொருளின் மதிப்பு கணக்கில் குறைந்துகொண்டே போவதற்குப் பிரெஞ்சில் 'அமோர்திஸ்மான்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'அமார்டிசேஷன்' என்று எழுதினேன். விரிவுரையாளர் சிவப்பு மையில் பெரிய குறுக்குக் கோடு போட்டார். இயந்திரத்துக்கு அந்தச் சொல் வராதாம், 'டிப்ரிசியேஷன்' என்று எழுத வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "புக்கைப் படி" என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் முத்துமாரியிடம் புலம்பினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது.

"எங்கப்பா கெணத்துக்கு மோட்டாரு வாங்குனாக. எறக்குன அன்னைக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, ஊரே வந்து பாத்துச்சு. மறுநாளு அதே கடைக்காரன்ட்டக் கேட்டா அந்த வெலைக்கு எடுப்பானா? எடுக்க மாட்டான். ஒரு நாளுலயே அது பழைய மோட்டாரு. ரெண்டு வருசத்துல உள்ள கம்பி எரிஞ்சு புதுசா காயில் கட்டுனோம், பாதி வெலை போச்சு. அப்புறம் கெணத்துல தண்ணி இல்ல. மோட்டாரு சும்மா கெடந்துச்சு. ஓடவே இல்லியே, தேயாதுன்னு எங்கப்பா நெனச்சாக. கடைசியா விக்கப் போனா இரும்பு வெலைக்குக் கேக்கான். ஓடுனாத்தான் தேயும்னு இல்ல புள்ள. சும்மா கெடந்தாலும் தேயும்."

அவள் அப்பா அந்த மோட்டாரை விற்காமல் திரும்பக் கொண்டு வந்துவிட்டாராம். சாக்கைப் போட்டு மூடி வைத்தாராம்.

எனக்கு அந்த நிமிஷத்தில் தேய்மானம் புரிந்தது. மூன்று மொழியிலும் புரிந்தது.

மூன்றாம் வருஷம் எங்கள் இருவரின் மதிப்பெண்களும் ஏறின. என் ஆங்கிலம் நேராகிவிட்டது. அவளுக்கு எழுத வந்தது, பேச வரவில்லை. வீட்டில் அவளுக்கு ஒரு கெடு வைத்திருந்தார்கள். படிப்பு முடிவதற்குள் வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைப்பார்கள். கிடைக்காவிட்டால் முறை மாப்பிள்ளை காத்திருக்கிறார். மதுரைக் கம்பெனிக்குப் போன அன்று காலையில் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "இது ஒண்ணுதான் புள்ள எனக்கு. ஒனக்கு வேற கெடைக்கும்."

கிடைத்திருக்கும். எனக்கு பிரெஞ்சு இருந்தது.

நான் சொன்னது

"நீ சொல்லு" என்று அந்த அம்மாள் கேட்டார் அல்லவா?

நான் நல்ல ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எங்கள் தோட்டத்துக்கு என் தந்தை ஒரு மோட்டார் வாங்கினார் என்றேன்.

எங்களுக்குத் தோட்டம் கிடையாது. அத்தா வாழ்நாளில் மோட்டார் வாங்கியதில்லை. வீரசோழனில் ஓட்டு வீடு ஒன்றுதான் எங்களுக்கு.

மாலை போட்டதைச் சொன்னேன். மறுநாளே விலை இறங்கியதைச் சொன்னேன். தண்ணீர் வற்றியதைச் சொன்னேன். ஓடினால்தான் தேயும் என்றில்லை, சும்மா கிடந்தாலும் தேயும் என்று முடித்தேன். அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம். இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய். முத்துமாரியின் முழங்கை என் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. 'இவள்தான்' என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதோடு, வகுப்பு முழுக்கச் சிரித்த அந்த நாளும் இருந்தது. அத்தாவின் மாத்திரைப் பெட்டி இருந்தது. இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற வெறி இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"நானாகவே யோசித்தது."

அந்த அம்மாள் முத்துமாரியிடம் திரும்பி, இந்த முறை தமிழில், அன்பாகவே சொன்னார்.

"பாத்தியாம்மா? வாழ்க்கையில இருந்து உதாரணம் எடுக்கணும். ஃப்ரெண்டுகிட்டக் கத்துக்க."

முத்துமாரி தலையாட்டினாள். "சரிங்க மேடம்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஓர் அம்மாளின் மூட்டைக்கு அருகில் நின்றுகொண்டே வந்தாள். அருப்புக்கோட்டையில் மாறி வீரசோழன் பஸ்ஸில் ஏறியபோதும் அப்படியே. அவள் ஊர் வந்ததும், இறங்குவதற்கு முன் என் சீட்டருகே ஒரு கணம் நின்றாள்.

"எங்கப்பா தோட்டத்த ஒன் பேருக்கு எப்ப எழுதிக் குடுத்தாக, ஜெசிமா?"

மூன்று வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

பரீட்சை எழுதினாள், தேறினாள். நான்காவது மாதம் கல்யாணம். பத்திரிகை எனக்கு வரவில்லை.

எடைமேடை

அந்த வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். பாதிக் காலம் மதுரை, மீதி சென்னைக் கிளை. பிரெஞ்சுக் கம்பெனிகளின் அறிக்கைகளை ஆங்கிலத்தில் சுருக்கினேன். எந்தச் சொல் எங்கே ஏமாற்றும் என்று எனக்குத் தெரிந்த அளவு அங்கே வேறு யாருக்கும் தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன். தேய்மானத்துக்கு வந்தால் மட்டும் உதாரணம் சொல்லாமல் தாண்டிவிடுவேன்.

போன வருஷம் பிரெஞ்சுப் பிரிவை மூடினார்கள். அந்த வேலையை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. நான் எழுதிய சுருக்கங்களைக் கொடுத்துத்தான் அதைப் பழக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிரெஞ்சில் வேலையை விட்டு அனுப்புவதற்கு 'லிசான்சிமான்' என்று பெயர். காதுக்கு லைசென்ஸ் கொடுப்பது போலவே இருக்கும். என்னை நீக்கிய கடிதத்தைப் படித்தபோது அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது.

அத்தா இறந்து ஆறு வருஷமாகிறது. வீரசோழன் வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறேன். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் வாடகைக்கு இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஆமாம், ஆங்கிலம்தான்.

கொஞ்ச நாளைக்கு முன், தெருமுனையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் கரி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் சீட்டை வாங்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் புத்தகம் வாசிக்கும்போது விழும் அதே நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"முத்துமாரி."

நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் காண நேரம் எடுக்கவில்லை.

"நல்லாருக்கியா? நீ மெட்ராசுல இருக்கன்னு சொன்னாக."

"வேலை போயிருச்சு."

"அப்படியா" என்றாள். குரலில் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் இல்லை. "அத்தா?"

"தவறிட்டாக."

"நல்ல மனுசரு." உண்மையாகவே சொன்னாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் கரி வாங்கி வெளியூருக்கு லோடு அனுப்புகிறார்களாம். லாரி இவர்களுடையதில்லை, வாடகை.

டிரைவர் ஹாரன் அடித்தார். இனி தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. என்னய மன்னிச்சிரு."

அவள் கையிலிருந்த கரியை முந்தானையில் துடைத்தாள். கொஞ்சமும் சத்தம் உயரவில்லை.

"அது தப்புன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? தெரியாதவுக அந்த ரூமுக்குள்ள ரெண்டு பேரு இருந்தாக. அவுகட்டப் போயிச் சொல்லு."

லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "வாரேன்" என்றாள், எல்லோரிடமும் சொல்வது போல.

கம்பெனியை விட்டு எப்போதோ போய்விட்ட அந்த இருவரையும் தேடினேன். பழைய சக ஊழியர் ஒருவர் உதவினார். அந்த அறையில் பேனா உருட்டிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டார். அந்த அம்மாள் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். மின்னஞ்சல் முகவரி கிடைத்தது.

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. முதலில், அந்த உதாரணத்தைத் தோழியிடமிருந்து 'இரவல் வாங்கினேன்' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'எடுத்துக்கொண்டேன்' என்று எழுதினேன். கடைசியில் 'திருடினேன்' என்ற சொல்லைப் போட்டேன். அதற்கு மூன்று மொழியிலும் ஒரே பொருள்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயர், ஊர், அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, அன்று நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. மிகவும் கனிவான பதில். என்னை நன்றாக நினைவிருக்கிறதாம். அந்த மோட்டார் கதையைப் பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறாராம். இத்தனை காலம் கழித்து இதற்காக நான் மனதை வருத்திக்கொள்ள வேண்டாமாம்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. மன்னிக்க வேண்டும், அன்று உங்களோடு இன்னொரு பெண் உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவே இல்லை.